வெள்ளம் வடிந்த வீடுகளில் சுகாதாரம்

(போடிநாயக்கனூர் ஊராட்சி ஒன்றியத்தில் ஊராட்சிப் பிரதிநிதிகளும் மகளிர் குழுவினரும் ஏலத்தோட்டத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் எவ்வாறு வரும் என்பதை உங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. தென்மேற்குப் பருவத்தில் மலைக்கு அப்பால் கொட்டித் தீர்க்கும் மழை, நமக்குச் சாரலாகவும் காற்றாகவுமே வந்து சேருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை வேறு. குரங்கணிக்கு மேலுள்ள சோலைகளில் இரவு பெய்த மழை, விடிவதற்குள் கொட்டகுடி ஆற்றில் செந்நிற வெள்ளமாக இறங்கிவிடுகிறது. அணைப்பிள்ளையார் தடுப்பணையில் நீர் வழிந்தோடும் அழகைக் காண ஊரே திரண்டு போகும் அதே வேளையில், ஆற்றோரத்திலும் ஓடையோரத்திலும் உள்ள வீடுகளில் முழங்கால் அளவு சேறும் நீரும் புகுந்து நிற்கின்றன. காட்டாற்று வெள்ளம் வந்த வேகத்திலேயே வடியும் இயல்பினது. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். வடிந்ததும், தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டு, வீட்டைக் கழுவித் தள்ளிவிட்டு, மறுநாள் விடியற்காலையில் ஜீப்பேறி மலைக்கு வேலைக்குப் போய்விடுகிறோம். அந்த மறுநாளையும், அதன் பின் வரும் இரண்டு வாரங்களையும் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

வெள்ளம் எதை உடைத்தது என்பது நம் நினைவில் நிற்கிறது. 1924 ஆம் ஆண்டு வெள்ளத்தை மலையாள ஆண்டுக் கணக்கில் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்று மலைக்கு மேலே இன்றும் சொல்லுகிறார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிக்கொண்டிருந்த சிறு ரயில் பாதையை அந்த வெள்ளம் அழித்துவிட்டது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட ஊர்தியில் கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் இறங்கி, போடிக்கு வந்த கதையைப் பெரியவர்கள் வாயால் கேட்டிருப்பீர்கள். ரயில் போனது நினைவிருக்கிறது. வெள்ளத்திற்குப் பின் எத்தனை வீடுகளில் காய்ச்சலும் பேதியும் கண்டன என்பதை யாரும் கதையாகச் சொல்லுவதில்லை. நோய் சத்தமில்லாமல் வருவதால் அதனை வெள்ளக் கணக்கில் நாம் சேர்ப்பதில்லை போலும்.

கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றுவதைச் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கமே வெள்ளத்திற்குப் பின் நம் வீடுகளுக்கு நோயைக் கொண்டுவருகிறது என்பது நம் அபிப்பிராயம். இது நமக்கு மட்டும் உரிய குறையன்று. 1854 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பிராட் தெரு என்னும் இடத்தில் ஒரு கைப்பம்பு இருந்தது. அதன் நீர் தெளிவுக்கும் சுவைக்கும் பெயர் பெற்றது. ஹாம்ஸ்டெட் என்னும் தொலைவான பகுதியில் வாழ்ந்த ஒரு மூதாட்டி, அந்தச் சுவைக்காகவே அங்கிருந்து நீரை வண்டியில் வரவழைத்துக் குடித்து வந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் தொடங்கிப் பத்தே நாட்களில், அந்தப் பம்பைச் சுற்றியுள்ள தெருக்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் காலராவால் மடிந்தனர். அருகில் யாருக்கும் நோயில்லாத ஹாம்ஸ்டெட்டில் அந்த மூதாட்டியும் மடிந்தார். ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் வீடு வீடாகச் சென்று விசாரித்து, பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். பக்கத்து வீட்டு மலக்குழி கசிந்து கிணற்றோடு கலந்திருந்தது பின்னர்த் தெரியவந்தது. 

நம் கிணற்றில் நடப்பதும் இதுவே. கைப்பிடிச் சுவர் தாழ்ந்த கிணற்றில் வெள்ளம் நேராக விழுகிறது. சுவர் உயர்ந்த கிணற்றில் வெடிப்புகள் வழியாகக் கசிகிறது. சாக்கடையும், தொழுவத்துச் சாணமும், நிரம்பி வழிந்த கழிப்பறைக் குழியும் அந்த வெள்ளத்தில் அடக்கம். முதல் நாள் நீர் காவி நிறமாக இருக்கும், யாரும் குடிக்கமாட்டார்கள். மூன்றாம் நாள் மண் அடியில் படிந்து, மேலே கண்ணாடிபோல் நீர் தெளிந்துவிடும். ஆபத்து அந்த மூன்றாம் நாளில்தான். மண் படிந்ததே தவிர, டைபாய்டும் காலராவும் மஞ்சள் காமாலையும் உண்டாக்கும் கிருமிகள் அதனோடு படிந்துவிடுவதில்லை.

எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது, கிணற்றைப் பற்றிக் கவலையில்லை என்று சிலர் கூறலாம். குழாயிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மோட்டார் ஓடி நீர் அழுத்தமாக வரும்போது, குழாயில் விரிசல் இருந்தால் நீர் வெளியே பீறிடும். மோட்டார் நின்றதும் அழுத்தம் குறைந்து, அதே விரிசல் வழியாக வெளியே தேங்கிய சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். வெள்ளத்தினால் மின்சாரம் அடிக்கடி நிற்கும் நாட்களில் இது மிகுதியாக நிகழும். ஆகையால் நீர் திறந்துவிட்டவுடன் வரும் முதல் சில குடங்களைப் பாத்திரம் கழுவக்கூடப் பிடிக்கலாகாது. மலையில் முதுவாக்குடி போன்ற குடியிருப்புகளிலும் தோட்டத்து லயங்களிலும் ஓடையிலிருந்து ரப்பர்க் குழாய் போட்டு நீர் கொண்டுவருகிறோம். மலையூற்று நீருக்கு இணையில்லை என்பது கோடையில் ஓரளவு உண்மையாக இருக்கலாம். பெருமழைக்குப் பின் அந்த ஓடை, மேலேயுள்ள சரிவுகளையெல்லாம் கழுவிக்கொண்டு வருகிறது என்பதை மறக்கலாகாது.

கிணற்றுக்கு மருந்திடும் முறையைச் சற்று விரிவாகச் சொல்லுகிறோம், குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றை முதலில் இறைத்துச் சேற்றை அகற்றி, புது நீர் ஊறவிட வேண்டும். பிறகு நீரின் அளவைக் கணக்கிட வேண்டும். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, கடைசியில் 785 ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வந்துவிடும். மூன்று மீட்டர் விட்டமும் நான்கு மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் 28,260 லிட்டர் இருக்கும். நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது சாதாரணக் கணக்கு. அதன்படி இக்கிணற்றுக்கு ஏறத்தாழ 70 கிராம். வெள்ள அழுக்கு குளோரினைத் தின்றுவிடுமாதலால் இன்னும் கூடுதலாகவே தேவைப்படும். பொடியை வாளியில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நீரூற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட வேண்டும். மேலே தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் வடித்து, அந்த வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்று நீருக்குள் இறக்கி, மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்க வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பு வண்டலைக் கிணற்றில் கொட்டலாகாது. ஒரு மணி நேரம் கழித்துச் சோதனைக் கருவியில் பார்த்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். குறைந்தால் மேலும் இட வேண்டும். மேல்நிலைத் தொட்டி இயக்குபவர்களும் இந்தச் சோதனையைத் தொட்டியடியில் மட்டும் செய்துவிட்டு நின்றுவிடாமல், தெருவின் கடைசிக் குழாயிலும் செய்து பார்க்க வேண்டும்.

இன்னொன்று. மழை விட்டதும் தெருவோரத்தில் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக் கோடு இழுப்பது எங்கும் வழக்கமாகிவிட்டது. பார்ப்பதற்கு வேலை நடந்ததுபோல் இருக்கும், பயனோ சொற்பம். சேற்றின்மேல் தூவிய பொடி, கிருமியைத் தொடுவதற்கு முன்னே சேற்றிலேயே வீரியம் இழந்துவிடுகிறது. அந்த மூட்டையைக் கிணற்றுக்கும் தொட்டிக்கும் சேமித்து வைப்பது மேல். வாயைத் திறந்து ஈரத்தில் போட்ட பழைய மூட்டையில் வீரியம் இராது என்பதையும் பொருள் வாங்கும் ஊராட்சித் தலைவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

வீட்டில் குடிக்கும் நீரைக் கொதிக்கவைப்பதே எளிய வழி. நீர் சூடேறினால் போதாது. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். உயரத்தில் நீர் சற்றுக் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுமாதலால், மலைமேல் இருப்பவர்கள் மூன்று நிமிடம் விடுவது நல்லது. கொதித்த நீரை ஆறவைத்து, குழாய் வைத்த பானையிலோ நீண்ட காம்புள்ள அகப்பையோடு மூடிய பானையிலோ வைக்க வேண்டும். கொதித்த நீரில் குழந்தை கையோடு டம்ளரை முக்கி எடுத்தால் விறகு செலவானதுதான் மிச்சம்.

கொதிக்கவைத்தாலும் போகாத ஒன்று நம் மலையில் உண்டு. அது தோட்டத்து மருந்து. ஏலச் செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பது எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். இந்தியாவில் மிகுதியாகப் பூச்சிமருந்து பெறும் பயிர்களுள் ஏலம் ஒன்று. வெள்ளம் புகுந்த வீட்டில் மருந்து டப்பாக்கள் மிதந்தோ கவிழ்ந்தோ இருந்தால், அந்த அறையில் உணவையும் உடையையும் வைத்திருக்கலாகாது. மருந்தடித்த சரிவுக்குக் கீழே ஓடும் ஓடையின் நீரைப் பெருமழைக்குப் பின் சில நாட்கள் குடிக்கவே வேண்டாம். கிருமி சூட்டில் சாகும். நஞ்சோ நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடும். காலியான மருந்துக் கேனை எத்தனை முறை கழுவினாலும் அதில் குடிநீர் பிடிக்கலாகாது. கழுவி வெயிலில் காயவைத்தால் புதுக் குடம்போல்தான் இருக்கிறது. அதனாலேயே லயங்களில் அதை விட மனம் வருவதில்லை. இந்த ஒரு பழக்கத்தை ஒழிக்க மகளிர் குழுவினர் உறுதி கொண்டால், நாம் போடும் பத்துக் கூட்டங்களைவிடப் பெரிய காரியம் ஆகும்.

எச்சரிக்கையையும் மீறிப் பேதி கண்டுவிட்டால், குழந்தை சாவது கிருமியாலன்று, உடலில் நீர் வற்றுவதால். 1971 ஆம் ஆண்டில் வங்காள எல்லையில் பன்காவ் என்னும் ஊரின் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் நீர்ப்புட்டிகள் தீர்ந்துபோயின. அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பும் சர்க்கரையும் சோடா உப்பும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே வாய்வழியாகக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. அத்தகைய கரைசலின் வழிவந்ததுதான் இன்று அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பொட்டலம் கைக்கு எட்டாவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டும் தலைதட்டி அளந்து கலக்குங்கள். தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம். கண் உள்வாங்கி, குழந்தை துவண்டு, சிறுநீர் நின்றால் 108-ஐ அழைக்கத் தயங்கவேண்டாம்.

இனி எலிக்காய்ச்சலுக்கு வருவோம். நம் மலைச்சரிவுத் தொழிலாளர்களுக்கு இதனினும் முக்கியமான விஷயம் இன்று நாம் பேசுவதில் வேறில்லை.

எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீரில் வெளிவரும் ஒரு நுண்ணுயிர், ஈரமான மண்ணிலும் தேங்கிய நீரிலும் பல நாட்கள் உயிரோடு இருக்கும். வெள்ளம் எலி வளைகளை நிரப்பி, அதனை வீடெங்கும் பரப்பிவிடுகிறது. உடலுக்குள் நுழைய அதற்குப் பெரிய காயம் தேவையில்லை. பித்தவெடிப்பு, சேற்றுப்புண், அட்டை கடித்த இடம், ஏலச்சருகு கீறிய கீறல் இவை போதும். 1915 ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் இனாடாவும் இடோவும் இக்கிருமியைக் கண்டறிந்தபோது, நோயுற்றிருந்தவர்களுள் முக்கியமானவர்கள் நீர் ஊறும் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்த தொழிலாளர்களே. ஈரத்தில் நின்று உழைப்பவர்களின் நோய் இது என்பது அன்றே தெளிவாயிற்று.

நம் காலத்தில் நடந்ததும் வெகு தொலைவில் இல்லை. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்து நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைக்கு அப்பாலுள்ள இடுக்கி மாவட்டம் நிலச்சரிவுகளால் சிதைந்தது. நீங்கள் நாள்தோறும் வேலைக்குச் செல்லும் மாவட்டம் அது. நீர் வடிந்து, மக்கள் முகாம்களிலிருந்து திரும்பி வீடுகளைக் கழுவத் தொடங்கிய சில நாட்களிலேயே எலிக்காய்ச்சல் தலைகாட்டியது. ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பரிலும் பலர் அதற்குப் பலியானார்கள். வெள்ளத்தில் தப்பிய பின், வீட்டைக் கழுவப் போய் மடிந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அம்மாநில சுகாதாரத் துறையினர், சேற்றில் இறங்குவோருக்கெல்லாம் டாக்சிசைக்ளின் மாத்திரையை வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் வீதம் முன்னெச்சரிக்கையாக வழங்கினார்கள்.

காய்ச்சல் உடனே வருவதில்லை என்பதே இந்நோயின் தந்திரம். பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்கள் கழித்து வருகிறது. அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் நாம் அறிந்த ஓர் அம்மையார் வெறுங்காலுடன் இரண்டு நாள் நின்று தம் வீட்டையும் மகள் வீட்டையும் கழுவினார். மூன்றாம் நாள் காய் எடுப்புக்குப் போனார். பத்தாம் நாள் காய்ச்சலும், கெண்டைக்காலில் தாங்கமுடியாத வலியும் கண்டன. மலை ஏறி இறங்கிய அலுப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டார். கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மேலும் மூன்று நாள் வேலைக்கும் போனார். கூலி அப்படி. கண் சிவந்து, பிறகு மஞ்சள் பூத்து, சிறுநீர் குறைந்த பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். உயிர் பிழைத்தது. அந்தப் பருவத்துக் கூலி முழுவதும் போயிற்று. முதல் இரண்டு நாளிலேயே வந்திருந்தால் செலவில்லாத சாதாரண மாத்திரைகளோடு முடிந்திருக்கக்கூடிய விஷயம் இது.

ஆகையால் சேற்றில் இறங்குமுன் ரப்பர் பூட்ஸும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். பூட்ஸுக்கு வழியில்லாத வீடுகளுக்கு மகளிர் குழுக்கள் சில ஜோடிகளைப் பொதுவில் வாங்கி வைத்து, ஒருவர் மாற்றி ஒருவர் பயன்படுத்தலாம். தோட்ட முதலாளிகளையும் கேட்கலாம், அது பிச்சையன்று. காயம் இருந்தால் நீர் புகாதபடி கட்டிக்கொண்டு, வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கால்களைக் கழுவித் துடைக்க வேண்டும். ஆணியோ தகரமோ கிழித்தால் இரணஜன்னி ஊசியை அன்றே போட்டுக்கொள்ளுங்கள். டாக்சிசைக்ளின் யாருக்கு, எத்தனை வாரம் என்பதைச் சுகாதார நிலைய மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் தாமாக அதனை உட்கொள்ளலாகாது. காய்ச்சல் கண்டால், மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல், “வெள்ளச் சேற்றில் நின்றேன், ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறேன்” என்ற இரண்டு செய்திகளையும் முதலில் சொல்லிவிடுங்கள். உடலில் கருகிய புள்ளிபோல் ஒரு புண் இருந்தால் அதனையும் காட்டுங்கள். புதர்ப் பூச்சி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலுக்கு அது அடையாளம்.

வீட்டிற்குத் திரும்பும் வேளை பற்றிச் சில வார்த்தைகள். மழை பெய்யும்போது நிற்கும் மண்சுவர், மழை விட்டு வெயில் அடித்த பிறகு சாய்வதுண்டு. ஊறிய சுவரின் அருகே குழந்தைகளைப் படுக்கவைக்க வேண்டாம். சரிவின் கீழுள்ள வீடானால் இன்னும் எச்சரிக்கை தேவை. 2020 ஆகஸ்டு 6 ஆம் நாள் இரவு, மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத்து லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள். பெரும்பாலோர் நம் தமிழ்த் தொழிலாளர்கள். மேலே மண்ணில் புது வெடிப்பு, மரங்களின் சாய்வு, ஓடை நீர் திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது ஆகியவற்றைக் கண்டால் வீட்டைக் கழுவும் எண்ணத்தையே விட்டு வெளியேற வேண்டும். பிறகு 1077-க்குச் செய்தி சொல்லலாம். மின்சாரத்தைப் பொறுத்தவரை, நீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடலாகாது. உலர்ந்த இடத்தில் நின்று மெயினை அணைக்க முடியாவிட்டால் மின்வாரியத்தாரை அழைக்க வேண்டும். நனைந்த மிக்சியும் மோட்டாரும் வெளியே உலர்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே ஈரம் இருக்கும். மெக்கானிக் பார்க்காமல் ஓட்டவேண்டாம்.

சிலர் கிராம நிர்வாக அலுவலர் வந்து சேதத்தைப் பார்க்கும்வரை வீட்டைக் கழுவாமல் சேற்றோடே இருக்கிறார்கள். நிவாரணம் தவறிவிடுமோ என்னும் அச்சம் நியாயமானதே. அதற்காக மூன்று நாள் சேற்றில் குழந்தைகளோடு இருக்கவேண்டியதில்லை. கைப்பேசியில் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அவருக்குச் செய்தியும் தெரிவித்துவிட்டு, வேலையைத் தொடங்குங்கள். முதலில் சேற்றை அள்ளி, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, அதன் பின்னரே ஒரு லிட்டர் நீருக்கு 15 கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தரையிலும் சுவரின் கீழ்ப்பகுதியிலும் தடவி, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டை இதனோடு கலந்தால் நுரையீரலைத் தாக்கும் விஷவாயு கிளம்பும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே அறையில் உபயோகிக்காமல் இருப்பதே நலம். கழிப்பறைக் குழி நிரம்பியிருந்தால் நீர்மட்டம் இறங்கும்வரை காத்திருங்கள். எவரும் குழிக்குள் இறங்கலாகாது.

ஈரம் உலரக் கதவையும் சன்னலையும் திறந்து வைப்பது ஒன்றே வழி. மலைக்குளிரில் அது சிரமந்தான். ஆயினும் கதவைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பையோ விறகையோ மூட்டி அறையை உலர்த்துவதைப்போல் ஆபத்தானது வேறில்லை. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவர் உறக்கத்திலேயே போய்விடுவார். ஜெனரேட்டரையும் வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ வைத்து ஓட்டலாகாது.

அரிசி நனைந்த வீட்டில் அதனைக் கொட்டிவிடுங்கள் என்று சொல்ல நமக்கும் மனம் வருவதில்லை. ஆயினும் வெள்ள நீரில் ஊறிய அரிசியை வெயிலில் உலர்த்தி வைத்துக்கொள்வது தவறு. அதில் பிடிக்கும் பூசணத்தின் நஞ்சு சோறாக வடித்தாலும் போவதில்லை, ஈரலைக் கெடுக்கும். ஆடுமாடுகளுக்கும் கோழிக்கும் அது ஆகாது. இத்தகைய வீடுகளின் பட்டியலை ஊராட்சித் தலைவர்கள் முதல் நாளே எடுத்து வட்டாட்சியர் அலுவலகத்திற்கு அனுப்பினால், மாற்று அரிசிக்கு வழி தேட இயலும்.

பாம்பும் நம்மைப்போல் வெள்ளத்திற்குப் பயந்து மேடு தேடி வருவதே. விறகுக் குவியலிலும் பரணிலும் கையை விடுமுன் கோலால் தட்டிப் பாருங்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது ஒன்றும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள், விஷமுறிவு மருந்து அங்கே உண்டு. கொசுவுக்கு ஒரே கணக்கு: டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆகவே வாரம் ஒரு நாள் ஆட்டுரல், சிரட்டை, டயர், தகரம் எல்லாவற்றையும் கவிழ்த்துத் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவினால் போதும்.

பிளீச்சிங் பவுடர் இட்ட நீரில் வாடை அடிக்கிறது, அதனால் குடிக்கமாட்டோம் என்று சில ஊர்களில் மறுக்கிறார்கள். அகன்ற பாத்திரத்தில் ஊற்றிச் சில மணி நேரம் வைத்தால் வாடை பெரும்பாலும் குறைந்துவிடும். சொந்தக் கிணறு வைத்திருப்பவர்கள், அக்கம்பக்கத்தார் அதிலிருந்து குடிக்கிறார்களானால், மருந்திட ஊராட்சியைக் கேளுங்கள். இனி நாம் எல்லோரும் பின்புறத்துக் கிணற்றடிக்குச் செல்வோம். இரண்டு வாளி, கயிறு, தராசு, பொடி எல்லாம் அங்கே தயாராக உள்ளன. ஊருக்கு ஒருவராவது முன்வந்து, நாம் பார்த்திருக்கத் தம் கையாலேயே அளந்து, கரைத்து, கிணற்றில் இறக்கிக் காட்ட வேண்டுகிறோம்.